போரானுக்கு இரண்டு சிவப்புப் புள்ளிகள்

புக்கிட் செராய் தோட்டம்,
சிம்பாங் அம்பாட்.
2-3-1952

அன்பு மகள் தனபாக்கியத்துக்கு அப்பா அப்புசாமி எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம். மலாக்காவில் மீனம்மா அத்தை வீட்டில் எல்லோரும் நலமா?

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். வேறு யார் வாயாலாவது உன்னிடம் வந்து சேர்வதற்குள் நானே சொல்வது நல்லது.

நேற்றுக் காலை பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கெடுத்துக்கொண்டிருந்தார்கள். தோட்டமே நிற்கிறது. பேர்ப் புத்தகத்தோடு நின்ற பெரிய கிராணி கதிர்காமநாதன் ஐயா என்னைப் பார்த்து, "அப்புசாமி, உம்மட மகள் மலாக்காவில என்ன படிக்கிறா?" என்றார். நான் நெஞ்சை நிமிர்த்தி, "கெமிஸ்ட்ரி ஐயா" என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. "மேல் கிளாசு ஐயா. பெரிய படிப்பு" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

"அதில இப்ப என்ன படிக்கிறா?"

"எல்லாத்தையும்தான் ஐயா."

"எல்லாத்தையும் எண்டால்? ஒண்டைச் சொல்லும் பாப்பம்."

நான் வானத்தைப் பார்த்தேன். அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. கடைசியில் என் வாயிலிருந்து வந்த ஒரே சொல், "அமோனியா."

"அது நீர் ஸ்டோரில ஊத்திறது. மகள் படிக்கிறதைச் சொல்லும் காணும்!"

அவ்வளவுதான், ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போக வேண்டிய அத்தனை பேரும் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். வீரப்பன் இருக்கிறானே, அவன், "அண்ணே, ஸ்டோர் சாமானையெல்லாம் வரிசையா ஒப்பிச்சுக் காட்டுங்கலா, நாங்க கேக்குறோம்!" என்கிறான். பால் உறையாமல் இருக்க அமோனியா ஊற்றி, ஸ்டோர் வேலையை மேற்பார்க்கிற மண்டோர் நான். அன்றைக்கு என் முகத்தில்தான் பால் உறைந்துபோயிருந்தது.

ஆகையால், தாயி, ஒரு உதவி. நீ படிக்கிறதில் உள்ளங்கை அளவுக்கு ஒரு சங்கதி எழுதி அனுப்பு. ஒன்றே ஒன்று போதும். நான் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு. இங்கிலீஷ் எழுத்தெல்லாம் ரப்பர் பெட்டியின் மேல் அடித்த முத்திரையைப் பார்த்துப் படித்தவன். அதை மனதில் வைத்துக்கொண்டு எழுது.

அம்மா உன்னை எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொல்கிறாள்.

அன்பு அப்பா,
அப்புசாமி


மலாக்கா,
9-3-1952

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்து அத்தைக்குப் புரையேறிவிட்டது. இதோ நீங்கள் கேட்ட சங்கதி. இதற்குப் பெயர் எட்டு விதி.

உலகத்தில் உள்ள எல்லாப் பொருளும் அணுக்களால் ஆனது. ஒவ்வொரு அணுவையும் சுற்றி எலெக்ட்ரான் என்ற மிகச் சின்ன துணுக்குகள் இருக்கின்றன. அவற்றில் வெளிச்சுற்றில் இருப்பவைதான் முக்கியம். நம் தோட்டத்து லோரியின் பின்பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். எட்டுப் பேர் உட்கார்ந்து பலகை நிறைந்தால்தான் டிரைவர் அண்ணன் வண்டியை எடுப்பார் இல்லையா? அணுவும் அப்படித்தான். வெளிச்சுற்றில் எட்டு நிறைந்தால்தான் அதற்கு நிம்மதி.

சோடியம் என்ற அணுவின் பலகையில் ஒரே ஒரு ஆள். குளோரினின் பலகையில் ஏழு பேர். சோடியம் தன் ஒற்றை ஆளை இறக்கிக் குளோரினுக்குக் கொடுத்துவிடும். குளோரினுக்கு எட்டு ஆயிற்று. சோடியத்துக்கோ, அந்தப் பலகை காலியானதும் உள்ளே ஏற்கெனவே நிறைந்திருக்கும் பலகை வெளியே தெரியும். இரண்டுக்கும் நிம்மதி. இரண்டும் ஒட்டிக்கொள்ளும். அதுதான் அம்மா குழம்பில் போடும் உப்பு.

சில அணுக்கள் ஆளைக் கொடுப்பதில்லை, பொதுவில் வைத்துக்கொள்ளும். நடுவில் இருக்கும் ஜோடியை இரண்டு பக்கமும் தன்னுடையது என்று எண்ணிக்கொள்ளும். குளோரினும் குளோரினும் சேரும்போது அப்படித்தான்.

இதை நாங்கள் படமாகப் போடுவோம். அணுவுக்கு இங்கிலீஷ் எழுத்து, எலெக்ட்ரானுக்குப் புள்ளி. பின்பக்கத்தில் என் பயிற்சிப் படங்களைப் பிரதி செய்திருக்கிறேன். கடைசிப் படத்தைப் பற்றிச் சொல்ல ஒன்று இருக்கிறது. தாளில் இடமில்லை, தபால் நேரமும் ஆயிற்று. அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

ஒரு முக்கியச் செய்தி. சிங்கப்பூரில் பல்கலைக்கழகத்தில் படிக்க அரசாங்க உபகாரச் சம்பளத்துக்கு எங்கள் பள்ளியிலிருந்து என் பெயர் போகிறது. வகுப்பில் நாங்கள் இரண்டே பெண்கள், மற்றதெல்லாம் பையன்கள். சற்குணம் வாத்தியார்தான் பிடிவாதமாக என் பெயரை எழுதினார். ஆகஸ்டில் நேர்முகம். அதற்குமுன் அலோர் காஜா போலீஸ் நிலையத்திலிருந்து, என் குடும்பத்தின் மேல் எந்தச் சந்தேகமும் இல்லை என்று சான்றிதழ் வர வேண்டும். அது இல்லாமல் பெயர் மேலே போகாது. நமக்கென்ன, நீங்கள் அரசாங்கத்துக்கா எதிரி, அமோனியாவுக்குத்தானே. அதனால் எனக்குக் கவலையில்லை.

அன்பு மகள்,
தனபாக்கியம்


புக்கிட் செராய் தோட்டம்,
16-3-1952

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்கு எண்ணுகிற வியாதி பிடித்திருக்கிறது. எதைப் பார்த்தாலும் எட்டு இருக்கிறதா என்று பார்க்கிறேன். உன் அம்மாவின் கோழிகள் ஏழு. "பெரியநாயகி, இதுங்க குளோரின்டி, இன்னொண்ணு வாங்கினா நிம்மதியா முட்டை போடும்" என்றேன். "அதுங்க நிம்மதியாத்தான் இருக்கு. நீங்க வீட்டுல இல்லாட்டி நானும் நிம்மதியா இருப்பேன்" என்கிறாள்.

பெரட்டுக் களத்தில் பழி தீர்த்துவிட்டேன்! கிராணி ஐயா பேர் கூப்பிட்டு முடித்ததும் நானே முன்னால் போய், "ஐயா, உப்பு எப்படி உப்பாச்சுன்னு ஒங்களுக்குத் தெரியுமா?" என்று ஆரம்பித்து, லோரி, பலகை, சோடியம், குளோரின் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் இறக்கினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "இது நான் சீனியர் கேம்பிரிட்ஜில படிச்சது. துப்புரவா மறந்துபோனன்" என்றார். வீரப்பன் வாளியைத் தூக்கிக்கொண்டு நழுவினான். அன்றைக்கு நான் நடந்தது தரையில் இல்லை.

உபகாரச் சம்பளச் செய்தி கேட்டதும் உன் அம்மா எழுந்தாள். போய் அடுப்பை ஊதினாள். அடுப்பு ஏற்கெனவே எரிந்துகொண்டுதான் இருந்தது.

இன்னொரு சின்ன விஷயம். இது நமக்குள் இருக்கட்டும். உன் படங்களை எல்லாம் உட்கார்ந்து புள்ளி புள்ளியாக எண்ணிப் பார்த்தேன். எல்லாம் எட்டு. கடைசிப் படத்தில் மட்டும், நடுவில் பி எழுத்து, மூன்று பக்கமும் மூன்று எஃப். எஃப் ஒவ்வொன்றுக்கும் எட்டு சரியாக இருக்கிறது. நடுவில் உள்ள பி-க்கு ஆறுதான்! நாலாவது பக்கம் மொட்டையாகக் கிடக்கிறது. களைப்பில் விட்டுவிட்டாய் போலிருக்கிறது. அதனால் என்ன? உன் அம்மாவும் களைப்பில் குழம்புக்கு உப்புப் போட மறப்பாள், நான் சொல்லிக்காட்டியது உண்டா? ரப்பர் பெட்டிக்குக் குறி போடுகிற சிவப்புப் பேனா கையில் இருந்தது. அந்த மொட்டைப் பக்கத்தில் இரண்டு புள்ளி நானே வைத்துவிட்டேன். இப்போது பார்க்க லட்சணமாக இருக்கிறது. வாத்தியார் பார்க்கும் முன்னால் நீயும் உன் நோட்டில் வைத்துவிடு.

உன் கடிதம் என் சட்டைப் பையிலேயே இருக்கிறது. கேட்கிறவர்களுக்கு எடுத்துக் காட்ட வேண்டுமே.

அப்பா


மலாக்கா,
19-3-1952

அப்பா,

அந்தப் புள்ளிகளை யாருக்கும் காட்டாதீர்கள்! முக்கியமாகக் கிராணி ஐயாவுக்கு. நான் விட்டுவிடவில்லை. அந்தப் படம் அப்படித்தான் இருக்க வேண்டும்.

அந்த பி, போரான் என்ற அணு. அதன் பலகையில் ஆரம்பத்தில் மூன்றே ஆள். மூன்று ஃபுளோரினோடு ஆளுக்கொன்றாகச் சேர்த்துப் பொதுவில் வைத்தால் மொத்தம் ஆறு வரும். அதற்குமேல் போட அதனிடம் ஆள் இல்லை. ஆறோடு அது நிற்கும். எட்டு விதிக்கு அது விலக்கு. இதைத்தான் அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன் என்று சொன்னேன். அதற்குள் என்ன அவசரம் உங்களுக்கு?

விலக்குகள் இன்னும் உண்டு. பாஸ்பரஸ் சில சமயம் பத்துப் பேரை ஏற்றிக்கொள்ளும், கந்தகம் பன்னிரண்டு வரைக்கும். அவை பெரிய லோரி, இடம் இருக்கிறது. நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்த ஒரு வாயுவில் மொத்தக் கணக்கே ஒற்றைப்படை. எப்படி உட்கார வைத்தாலும் ஒருவன் ஜோடியில்லாமல் நிற்பான். விதி பெரும்பாலும் சரி. ஆனால் அதை வைத்துக்கொண்டு எல்லோரையும் அடிக்கப் போகக் கூடாது என்பார் சற்குணம் வாத்தியார்.

கோபத்தில்தான் எழுத ஆரம்பித்தேன். ஆனால் நீங்கள் உட்கார்ந்து ஒவ்வொரு புள்ளியாக எண்ணியதை நினைத்தால் கோபம் நிற்கவில்லை. வகுப்பில் பாதிப் பேருக்கு அந்தப் படத்தில் ஆறு என்பதே கண்ணில் படவில்லை.

தனபாக்கியம்


புக்கிட் செராய் தோட்டம்,
22-3-1952

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் ஒரு நாள் முந்தி வந்திருக்கலாம்.

நடந்ததைச் சொல்கிறேன், பதறாதே. நான் வீட்டில்தான் இருக்கிறேன், அடி ஒன்றும் படவில்லை. நேற்று முன்தினம் காலை வழக்கம்போல் முள்வேலிக் கேட்டில் எல்லோரையும் நிறுத்திச் சோதித்தார்கள். காட்டுக்குள் ஒளிந்திருக்கிற கம்யூனிஸ்டுகளுக்கு யாரும் அரிசி கொண்டுபோகிறார்களா என்று பார்ப்பது. எப்போதும் நம் நாகமுத்து ஒப்புக்குத் தடவிப் பார்த்து விட்டுவிடுவான். காவல் உத்தியோகம் கிடைத்த பிறகும் அவன் நம்ம பையன்தான். அன்றைக்கு ஒரு வெள்ளைக்கார ஆபீசர் புதிதாக வந்து பக்கத்தில் நிற்கிறார். என் சட்டைப் பையில் கைவிட்டார். உன் கடிதம் வந்தது.

புள்ளி. சுற்றிச் சுற்றிப் புள்ளி. நடுவில் ஒற்றை ஒற்றை எழுத்து. அந்த ஆபீசர் முகம் போன போக்கைப் பார்த்ததும், நான் இன்றைக்குப் பால் கொட்டாய்க்குப் போகப் போவதில்லை என்று தெரிந்துபோயிற்று. அமோனியா புட்டியை நாகமுத்துவிடம் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறினேன். அலோர் காஜாவுக்கு ஜீப்பில் போனது இதுதான் முதல் தடவை. பஸ்ஸைவிட வேகம். சந்தோஷப்படத்தான் முடியவில்லை.

அங்கே ஒரு சார்ஜன் படத்தைப் பார்த்துப் பாடம் சொல்ல ஆரம்பித்தான். "பி-ன்னா புக்கிட் செராய். எஃப் மூணுன்னா மூணு ஃபீல்டு. கறுப்புப் புள்ளி தோட்டத்து ஆளுங்க. இந்தச் சிவப்புப் புள்ளி ரெண்டு பேரு யாரு? காட்டுல இருக்கிற சிவப்பு ஆளுங்களா?"

யோசித்துப் பார்த்தேன், தாயி. அவன் சொன்னது எனக்கே நியாயமாகப் பட்டது.

பிறகு இன்ஸ்பெக்டர் வந்தார். மலாய்க்காரர், வயது நாற்பது இருக்கும், அதட்டாமல் பேசுகிறவர். "சொல்" என்றார். எனக்குத் தெரிந்த மலாயில் எட்டு விதியைச் சொன்னேன். லோரி சொன்னேன். பலகை சொன்னேன். சோடியம் வந்ததும் எழுந்து நின்று சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இந்த இரண்டு மட்டும் ஏன் வேறு மை?" என்றார். "அது மக விட்டது துவான். நான் திருத்துனேன்" என்றேன். "மகள் கல்லூரிப் படிப்பு மாதிரி படிக்கிறாள் என்கிறாய். நீ திருத்தினாயா?" அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்போதுகூட நான், "ஆமாம் துவான், எட்டு வரணும்" என்றுதான் சொன்னேன்.

ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, பார்க்காமல் அதே படத்தைப் போடு என்றார். போட்டேன். பி-யைச் சுற்றி எட்டுப் புள்ளி, குறையாமல். கொடுத்ததை எல்லாம் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டார். வெள்ளிக்கிழமை காலை திரும்பவும் வர வேண்டும் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்.

வீட்டுக்கு வந்தால் உன் கடிதம். பிரித்தால், ஆறு.

இப்போது கேள். உன் சான்றிதழ் எழுத வேண்டியதும் அதே போலீஸ் நிலையம்தான். நீ அந்தப் பக்கம் வராதே. அது என் கிறுக்கல், மகளுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிடுகிறேன். அப்புசாமி கிறுக்கன் என்றால் தோட்டத்தில் நூறு சாட்சி வரும். உன் பெயர் மட்டும் அவர்கள் காகிதத்தில் ஏறக் கூடாது.

நேற்றிலிருந்து உன் அம்மா என்னோடு பேசவில்லை. திட்டினால்கூட நன்றாக இருக்கும்.

அப்பா


மலாக்கா,
30-3-1952

அன்புள்ள அப்பாவுக்கு,

வராதே என்றீர்கள், வந்தேன். அலோர் காஜாவில் நீங்கள் என்னையும் சற்குணம் வாத்தியாரையும் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு யாரோ போல் நின்றீர்களே! உங்களோடு வந்த நாகமுத்து அண்ணன்தான், "சும்மா இருங்க அண்ணே, ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கு" என்றார்.

உங்களை வெளியே மரத்தடியில் உட்கார வைத்துவிட்டு எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். திரும்பும்போது பஸ் புறப்படும் அவசரம், எதுவும் பேச முடியவில்லை. உள்ளே நடந்ததை இப்போது எழுதுகிறேன்.

இன்ஸ்பெக்டர் மேசையில் மூன்று தாள் இருந்தன. என் கடிதம், நீங்கள் பார்க்காமல் போட்ட படம், ஒரு வெற்றுத் தாள். என் புத்தகத்தைக் கேட்டார். அந்தப் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். விரலால் புள்ளிகளை எண்ணினார். பிறகு இங்கிலீஷில் கேட்டார்: "புத்தகத்தில் ஆறு. உன் அப்பா எட்டு என்கிறார். யார் பொய் சொல்வது?"

வாத்தியார் வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன். "யாரும் பொய் சொல்லவில்லை சார். விதி எட்டு. இது விலக்கு. விதியை மட்டும்தான் நான் அப்பாவுக்கு எழுதினேன். விலக்கை எழுதத் தாளில் இடமில்லை. தப்பு என்னுடையது."

அவர் நீங்கள் போட்ட படத்தை எடுத்து என் கடிதத்தின் பக்கத்தில் வைத்தார். அதிலும் எட்டு. இங்கிலீஷ் எழுத்தெல்லாம் ரப்பர் பெட்டி முத்திரை மாதிரி கட்டைகட்டையாக இருந்தது. அதைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. சார்ஜனைக் கூப்பிட்டுச் சொன்னார்: "ரகசிய எழுத்தைச் சுமந்து போகிறவன் அதை அப்படியே கொண்டுபோய்ச் சேர்ப்பான். உட்கார்ந்து திருத்தமாட்டான். அதுவும் தப்பாகத் திருத்தமாட்டான். இது அப்பன் செய்கிற வேலை."

நீங்கள் நான் சொன்ன ஆறைத் தெரிந்துகொண்டு அன்றைக்கு ஆறு என்று போட்டிருந்தால், அவர் இன்னும் சந்தேகப்பட்டிருப்பாராம். உங்கள் பிடிவாதம்தான் நம்மைக் காப்பாற்றியது. என் கடிதம் ஒரு நாள் பிந்தி வந்ததும் நல்லதாகப் போயிற்று.

அதற்குப் பிறகு பாஸ்பரசுக்கு எப்படிப் பத்து வருகிறது என்று அவரே கேட்டார். வெற்றுத் தாளில் போட்டுக் காட்டினேன். அந்தத் தாளை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். மகனுக்குக் காட்டப் போகிறாராம். பிறகு சான்றிதழை என் கண் முன்னால் கையெழுத்திட்டு முத்திரை குத்தினார். சந்தேகம் எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறது!

அன்றைக்கே அது தலைமையாசிரியர் கைக்குப் போய்விட்டது. அம்மாவைப் பேசச் சொல்லுங்கள்.

தனபாக்கியம்


புக்கிட் செராய் தோட்டம்,
6-4-1952

அன்பு மகளுக்கு,

ஆக, உன் அப்பன் ரகசியம் சுமக்கவும் லாயக்கில்லாத மடையன் என்று அரசாங்கமே முத்திரை குத்திவிட்டது. இந்தத் தோட்டத்தில் வேறு யாருக்கும் கிடைக்காத மரியாதை. ஆபீஸ் சுவரில் மாட்டலாமா என்று கிராணி ஐயாவைக் கேட்டேன். "அது உம்மட முகத்திலயே எழுதியிருக்கு காணும், மாட்டத் தேவையில்லை" என்றார்.

உன் அம்மா பேசிவிட்டாள். முதல் வார்த்தை, "அந்தச் சிவப்புப் பேனாவ எங்க வச்சிருக்கீங்க?" கொடுத்தேன். எங்கே ஒளித்தாள் என்று தெரியவில்லை. ஸ்டோரில் இப்போது பெட்டிக்குக் கரியால் குறி போடுகிறோம்.

போலீசில் பூட்டிவைத்த உன் பழைய கடிதத்தை நாகமுத்துவே கொண்டுவந்து கொடுத்தான். போலீஸ் முத்திரை ஒன்று பின்பக்கம் விழுந்திருக்கிறது, போரானுக்குச் சரியாக மேலே. இனிமேல் இதைப் பையில் வைத்துக்கொண்டு கேட்டைத் தாண்டமாட்டேன். வாளிக்கு ரெண்டு சொட்டு அமோனியா விடுவது, ஸ்டோரைப் பூட்டுவது, வீட்டுக்கு வருவது. உன் நேர்முகம் முடிகிற வரைக்கும் உலகத்தில் எதையும் திருத்துவதில்லை என்று மாரியம்மன் கோயிலில் நின்று சொல்லியிருக்கிறேன். கோயில் மணிச் சங்கிலி கோணலாகத் தொங்குகிறது. அதைக்கூடத் தொடவில்லை.

நன்றாகப் படி. பையன்கள் என்ன சொன்னாலும் காதில் போடாதே.

அப்பா


மலாக்கா,
24-8-1952

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

தந்தி வந்திருக்கும். கிடைத்துவிட்டது! சிங்கப்பூருக்குப் போகிறேன்! அத்தை தெருவில் எல்லோருக்கும் சீனி கொடுத்துவிட்டு, ரேஷன் சீனி தீர்ந்துபோய், இப்போது சீனியில்லாத கோப்பி குடித்துக்கொண்டு சிரிக்கிறாள்.

அப்பா, நேர்முகத்தைப் பற்றி உங்களுக்குத் தனியாக எழுத வேண்டும். கோலாலம்பூரில் நீள மேசை, மூன்று பேர். எனக்குமுன் போன பையன் வெளியே வந்து, "பெண்களிடம் சுலபமாகக் கேட்பார்கள்" என்றான். கேட்கவில்லை.

நடுவில் இருந்தவர், எட்டு விதியைச் சொல் என்றார். சொன்னேன். எப்போதும் சரியா என்றார். இல்லை என்றேன். கரும்பலகையில் போடு என்றார். போரானைப் போட்டேன், மூன்று ஃபுளோரின், ஆறு புள்ளி. அதுவரைக்கும் நன்றாகத்தான் போயிற்று. ஓரத்தில் வயதானவர் ஒருவர் மெதுவாகக் கேட்டார்: "நாலாவது பக்கம் காலியாக இருக்கிறதே. அது எப்போதும் காலியாகவே இருக்குமா?"

புத்தகத்தில் ஒரு வரி படித்திருந்தேன். அந்த நேரத்தில் அது மனதில் இல்லவே இல்லை, அப்பா. அந்தக் காலிப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். பார்க்கப் பார்க்க அங்கே இரண்டு சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன. நீங்கள் வைத்தவை. அதே இடம். இவை எங்கிருந்து வரும், யார் கொடுப்பார்கள் என்று நினைத்தேன். உங்களை நினைத்ததும் உங்கள் சட்டை வாசனை வந்தது. உடனே விடை வந்துவிட்டது.

அமோனியா!

அமோனியாவில் நைட்ரஜனுக்கு எட்டு நிறைந்திருக்கிறது. அதில் ஒரு ஜோடி யாரோடும் பங்கு போடாமல் சும்மா இருக்கிறது. போரானின் காலிப் பக்கத்துக்கு அந்த ஜோடியை அப்படியே கொடுக்கும். போரான் தன் பங்குக்கு எதுவும் போட வேண்டியதில்லை. இரண்டும் அமோனியாவுடையது. அப்போது போரானுக்கும் எட்டு வந்துவிடும்.

"சிவப்புச் சாக்குக்கட்டி இருக்கிறதா?" என்று கேட்டேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு எடுத்துக் கொடுத்தார்கள். அந்த இரண்டு புள்ளியையும் சிவப்பில் வைத்தேன். "ஏன் வேறு நிறம்?" என்றார் அந்த வயதானவர். "இந்த ஜோடி முழுவதும் ஒரே பக்கத்திலிருந்து வந்தது, அது தெரிய வேண்டும்" என்றேன். "இந்த நிறம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?" என்றார். "புத்தகத்தில் இல்லை சார். என் அப்பா வைத்தது. அவர் ரப்பர் ஸ்டோரில் அமோனியா வேலை செய்கிறார்" என்றேன்.

அந்த வயதானவர் எழுந்து வந்து கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தார். "உன் அப்பாவிடம் சொல், சரியான இடத்தில் வைத்திருக்கிறார்" என்றார்.

சொல்லிவிட்டேன்.

உங்கள் மகள்,
தனபாக்கியம்


புக்கிட் செராய் தோட்டம்,
31-8-1952

என் அருமை மகளுக்கு,

உன் கடிதத்தை நான் வாசிக்க ஆரம்பித்தேன், முடிக்க முடியவில்லை. கண்ணில் நீர். "அமோனியா பீப்பாய் திறந்திருக்கு போல" என்றேன். "நாம ஸ்டோர்லயா இருக்கோம்? வீட்டுலல்ல இருக்கோம்" என்றாள் உன் அம்மா. அவள் கண்ணும் அந்த லட்சணத்தில்தான் இருந்தது.

அதனால் கிராணி ஐயாவிடம் கொடுத்தேன். அவர் பெரட்டுக் களத்தில், முன்பு என் மானம் போன அதே இடத்தில், பெட்டி மேல் ஏறி நின்று உரக்க வாசித்தார். சிவப்புச் சாக்குக்கட்டி வந்ததும் அந்த வரியை இரண்டு தடவை வாசித்தார். 'அமோனியா!' என்று நீ எழுதிய இடத்தில் தோட்டமே கத்தியது, தாயி! வாளியைத் தட்டுகிறார்கள், வாளி சுமக்கிற காண்டாக் கம்பைத் தரையில் அடிக்கிறார்கள். கேட்டில் நின்ற நாகமுத்து என்ன கலவரமோ என்று துப்பாக்கியோடு ஓடிவந்து, விஷயம் தெரிந்ததும் துப்பாக்கியை இன்னொருவன் கையில் கொடுத்துவிட்டு என்னைத் தோளில் தூக்கிவிட்டான். என் கனம் உனக்குத் தெரியும். ரெண்டு பேரும் விழுந்தோம். யாரும் சிரிப்பை நிறுத்தவில்லை. தோட்டத்துத் துரைகூட ஆபீஸ் வாசலில் வந்து நின்று பார்த்தார். அன்றைக்கு லோரி நேரத்துக்குப் போகவேயில்லை, பலகை நிறைந்தும்.

வீரப்பன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, நா அன்னிக்குச் சிரிச்சதுக்கு மன்னிச்சிருங்க. எனக்கும் அந்த எட்டு விதிய ஒருக்கச் சொல்லுங்கலா" என்றான். சொன்னேன். இந்தத் தடவை விலக்கோடு சேர்த்துச் சொன்னேன்.

உன் அம்மா புதுப் பெட்டி ஒன்று வாங்கி வைத்திருக்கிறாள். அடியில் ஒரு பொட்டலம் இருக்கும், பிரிக்காமல் சிங்கப்பூருக்குக் கொண்டுபோ என்கிறாள். எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தச் சிவப்புப் பேனாதான்.

எல்லாம் அடங்கிய பிறகு கிராணி ஐயா என்னைத் தனியாக நிறுத்தி, "மெய்யாச் சொல்லும் அப்புசாமி, அந்த ரெண்டு புள்ளியை என்னத்துக்கு வச்சனீர்?" என்று கேட்டார். "மடத்தனம் ஐயா, வேறென்ன" என்றேன். இன்ஸ்பெக்டரிடம், எட்டு வரணும் என்றேன். ரெண்டும் பொய்யில்லை.

ஆனால் ஒன்றை அவரிடமும் சொல்லவில்லை, களத்திலும் சொல்லவில்லை. நீ இங்கிலீஷ் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து உன் புத்தகத்தை நான் தொட்டதில்லை. தொட்டு என்ன செய்வேன்? நீயும் எதையும் கேட்டதில்லை, கேட்க என்னிடம் என்ன இருக்கிறது? அன்றைக்கு எண்ணிக்கொண்டே வந்தவன் ஆறில் நின்றேன் பார், அப்போது எனக்குக் கவலை வரவில்லை, பாக்கியம். சந்தோஷம் வந்தது. என் மகளுக்கு ரெண்டு குறைகிறது, அது என்னிடம் இருக்கிறது.

அப்பா